கிழக்கு மேலே

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேலே என்றால் வடக்கு இல்லை,
மலை.
போகோத்தாவில் யார் வழி கேட்டாலும்
முதலில் மலையைக் காட்டுவோம், பிறகுதான் தெருவை.
ஆகவே தாளின் தலைமாட்டில் கிழக்கை வைத்தேன்.
உச்சியில் வெள்ளைத் தேவாலயம், அரிசி அளவு.
அதற்குக் கீழே ஏழாம் சாலை
இடமிருந்து வலமாக ஓடியது,
எழுதுகிற வரி மாதிரி.

தூரிகை, நான் வேலை செய்யும் பல் ஆய்வகத்துடையது.
செயற்கைப் பல்லின் விளிம்பில்
சிகரெட் பிடிப்பவரின் மஞ்சளைத் தீட்டும் மூன்றே மயிர்.
அதே மஞ்சளில்
ஞாயிற்றுக்கிழமையின் தடுப்புக் கட்டைகள்:
ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை
பேருந்துக்கு இந்தச் சாலையில் வேலை இல்லை.
மிதிப்பவர்கள், ஓடுபவர்கள், எதையும் மதிக்காத நாய்கள்.

நூற்றுப் பதினாறாம் தெருவில் தொடக்கம்.
தெற்கே போகப் போக எண் இறங்கும்.
ராக்கெட் விடுகிறவர்கள் மாதிரி
சத்தமாக எண்ணிக்கொண்டே மிதிப்பாள் யமீலே,
அவளுடைய பிரேக் கிறீச்சென்று ஒத்து ஊதும்.

ஏற்றம் வருகிற நாலு தெருவை
ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டேன்.
அளவுகோல் கோபித்துக்கொள்ளட்டும்,
என் மூச்சு அப்படித்தான் அளந்தது.
இறக்கம் முழுவதும் ஒரு விரல்கடைக்குள் முடிந்துவிட்டது.

பங்க்சர் ஒட்டும் எலியோதோரோவின் குடைக்கு
ஒரு நகரச் சதுக்கத்தின் இடம் கொடுத்தேன்.
நீலப் பேசின், அதில் முங்கிய டியூப்,
ஓட்டை தன் இருப்பிடத்தைக்
குமிழி குமிழியாகச் சொல்லிவிடுகிற அந்த நொடி.
காற்று இலவசம், ஒட்டு மூவாயிரம் பேசோ,
அறிவுரை அவர் இஷ்டம்.
மூக்கு மூன்று தடவை தவறிப்போய்
கடைசியில் அவர் தொப்பியை இறக்கிவிட்டேன்.

எழுபத்திரண்டாம் தெருவில் குழி.
யமீலேயின் காறையெலும்பு முறிந்த குழி.
உள்ளதைவிடப் பெரிதாகவே வரைந்தேன்,
கறுப்பு மையில், இரண்டு பூச்சு.

தேசியப் பூங்காவில்
மேடைக்காரியின் கட்டளைக்குக் குதிக்கும் முந்நூறு பேருக்கு
கைகள் மட்டும் போட்டேன், முகத்துக்குப் பொறுமையில்லை.
பக்கத்தில் உப்பும் எலுமிச்சையும் தூவிய மாங்காய்க் கீற்று,
வெல்லத் தண்ணீர் கொதிக்கும் பானை.
ஒரு மணிக்கு மலையிலிருந்து இறங்கிவரும் மழையைச்
சாய்ந்த கோடுகளாக
தாளின் வலது மூலையில் தயாராக நிறுத்திவைத்தேன்.

ஆனால் நடுவில் ஒரு வெள்ளை.
ஐம்பத்தேழாம் தெருவிலிருந்து நாற்பத்தொன்பதுவரை
என்ன இருக்கிறது?
ஆறு வருஷமாகப் போகிறேன்.
ஒரு ஜன்னல்கூட நினைவில் வரவில்லை.

போன ஞாயிறு தனியாகப் போய்ப் பார்த்தேன்.
சாவி செய்கிறவர் இருக்கிறார்,
தகரத்தில் வெட்டிய ஆளுயரச் சாவி தொங்குகிறது.
திருமண உடுப்புகளை வாடகைக்கு விடும் கடையில்
தலையில்லாத ஏழு மணப்பெண்கள்.
நான்காம் மாடியில்
துணிக்கொடிக்கு நடுவே ஒரு சேவல், நிஜமாகவே சேவல்.
எல்லாவற்றையும் போட்டு நிரப்பி
திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

வலது கை தூளியில் கிடக்க,
இடது கையால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"குழி இவ்வளவு சின்னதா?" என்றாள் முதலில்.
பிறகு சேவலில் விரலை வைத்து,
"இது எந்த ஊர்?
இந்தச் சாவிக்காரன் எப்போது வந்தான்?"

எப்போதும் அங்கேதான் இருந்திருப்பான்.
அந்த எட்டுத் தெருவிலும் சாலை அகலம்,
இரண்டு சைக்கிளும் பக்கத்துப் பக்கத்தில் போகலாம்.
அவள் அண்ணனின் கடனும், என் வீட்டுக்காரியின் வாடகையும்,
முதலாளி கட்டிக்கொண்ட பல்லும்
அங்கேதான் பேசித் தீர்ந்தன. தீரவும் இல்லை.

பேனா கேட்டாள்.
பழக்கமில்லாத கையால்
மணப்பெண்கள்மேல், சாவிமேல், சேவலின் வால்மேல்
கோணல் வட்டங்கள் நாலு கிறுக்கினாள்.
இரண்டு சைக்கிள்களாம்.
ஒன்றின் ஹேண்டில்பாருக்கு மேலே
வாய் மட்டும் பெரிதாக ஓர் ஆள்.

"இது நீ" என்றாள்.